அத்தியாயம் 6: பனிநிலத்தில் வண்ணமா, கறுப்பு வெள்ளையா?

காஷ்மீரில் டிசம்பர் 21 அன்று ‘சில்லை கலான்’ தொடங்குகிறது. நாற்பது நாள் நீளும் கடுங்குளிர்க்காலம் அது. பள்ளத்தாக்கில் பனி கனமாக விழுவதும் ஏரி ஓரங்கள் உறைவதும் பெரும்பாலும் இந்த நாட்களில்தான். குல்மார்க், பஹல்காம், சோனாமார்க் என்று கேமராவோடு கிளம்பும் நம்மூர்க்காரர்கள் பலருக்கு இதுவே கண்ணால் பார்க்கும் முதல் பனி. ஆசை தீர எடுத்துவிட்டு ஊர் வந்து கம்ப்யூட்டரில் திறந்தால் பனி சாம்பல் பூத்துக் கிடக்கிறது, நிழலெல்லாம் நீலம் பாய்ந்திருக்கிறது. ‘சரி, கறுப்பு வெள்ளையாக்கிவிடலாம்’ என்று ஒரு பொத்தானை அழுத்துகிறோம். அப்போதும் படம் எடுபடுவதில்லை.

முடிவு தாமதமாக வந்ததுதான் காரணம். வண்ணத்தை எப்போது வேண்டுமானாலும் நீக்கலாம். நின்ற இடம், காத்திருந்த நேரம், சட்டத்துக்குள் சேர்த்தது, விட்டது இவற்றை வீட்டிலிருந்து மாற்ற முடியாது. வண்ணப்படத்துக்கு நிற்க வேண்டிய இடம் வேறு, கறுப்பு வெள்ளைக்கு நிற்க வேண்டிய இடம் வேறு. ஆகவே ஷட்டரை அழுத்துமுன் ஒரு கேள்வி கேட்டுப் பழகுங்கள்: இந்தக் காட்சியில் வண்ணம் ஏதாவது சொல்கிறதா? சொன்னால் அதற்கு இடம் கொடுங்கள். சொல்லாவிட்டால் அதை மறந்துவிட்டு, கோடு, வடிவம், ஒளி இவற்றை மட்டும் வைத்துப் படத்தைக் கட்டுங்கள்.

## முதலில் தெரிய வேண்டிய மூன்று விஷயங்கள்

பனியைக் கேமரா சாம்பலாக்கும். ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாகக் காட்டவே முயலும். சட்டம் முழுக்க வெண்பனி இருந்தால் ‘வெளிச்சம் அதிகம்’ என்று எண்ணிப் படத்தை இருட்டாக்கிவிடும்.

பனியின் நிழல் நீலமாகத்தான் இருக்கும். தெளிந்த நாளில் நிழலுக்குள் வெயில் வராது, நீல வானத்தின் ஒளி மட்டுமே விழும். வெள்ளைப் பனி அதை அப்படியே திருப்பிக் காட்டுகிறது. நம் கண் அதைச் சரிசெய்து பார்க்கிறது, கேமரா உள்ளபடி பதிகிறது.

நிறம் வேறாக இருந்தாலும் வெளிச்சம் ஒன்றாக இருக்கலாம். கரும்பச்சை தேவதாருவின் முன்னால் ஒரு சிவப்புத் தகரக்கூரை. வண்ணத்தில் கூரை பளிச்சென்று பிரிந்து நிற்கும். கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகி, கூரை மரத்தோடு கரைந்துவிடும்.

## கிளம்புமுன் கேமராவைத் தயார் செய்தல்

1. கோப்பு வகையை ‘ரா + ஜேபெக்’ என்று வையுங்கள்.
2. பிக்சர் ஸ்டைல் அல்லது பிக்சர் கண்ட்ரோலில் ‘மோனோக்ரோம்’ எங்கே இருக்கிறது என்று வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள். அதைத் தேர்ந்தால் திரையும் ஜேபெக் கோப்பும் கறுப்பு வெள்ளையாகும். ரா கோப்பில் முழு வண்ணமும் பத்திரமாக இருக்கும்.
3. அந்த வசதியை ஒரு தனிப் பொத்தானில் ஏற்றிவையுங்கள். கையுறை போட்ட விரலால் மெனுவுக்குள் தேடுவது முடியாத காரியம்.
4. வைட் பேலன்ஸை ‘டேலைட்’டில் நிறுத்துங்கள். ஆட்டோவில் விட்டால் காலை நேரத்து நீலத்தையும் மாலை நேரத்துச் செம்மையையும் கேமரா தானே துடைத்துவிடும், வண்ணம் என்ன சொல்கிறது என்று உங்களுக்கே தெரியாமல் போகும்.
5. ஹிஸ்டோகிராமும், வெளுத்த இடத்தைக் காட்டும் ‘ஹைலைட்’ எச்சரிக்கையும் திரையில் வரும்படி செய்யுங்கள்.

செல்போனில் எடுப்பவர்கள் ‘புரோ’ மோடில் ரா வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் வண்ணத்திலேயே எடுத்து, பிறகு ஸ்னாப்சீட் போன்ற செயலியில் மாற்றுங்கள். மோனோ ஃபில்டர் போட்டு எடுத்த ஜேபெக்கில் வண்ணம் திரும்ப வராது.

## களத்தில் முடிவெடுக்கும் வரிசை

1. கேமராவை எடுக்காமல் பாருங்கள். உங்களை நிறுத்தியது எது? மலை முகட்டில் ஏறிய ரோஜா நிறமா, வெண்பரப்பில் நெளியும் ஓடையின் கோடா? பதிலை வாய்விட்டு ஒரு வாக்கியமாகச் சொல்லுங்கள். அந்த வாக்கியத்தில் ஒரு நிறத்தின் பெயர் வந்தால் வண்ணத்தின் பக்கம் சாயுங்கள். கோடு, உருவம், நிழல், தூரம் என்ற சொற்கள் வந்தால் கறுப்பு வெள்ளையை முயலுங்கள்.

2. நிறங்களை எண்ணுங்கள். ஒன்றிரண்டு நிறங்கள் ஒன்றுக்கொன்று எதிராக நின்றால் வண்ணம் வலுவானது. நான்கைந்து நிறங்கள் அங்கங்கே சிதறியிருந்தால் முதலில் சட்டத்தை நெருக்கிச் சிலவற்றை வெளியே தள்ளுங்கள்.

3. கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். நுணுக்கங்கள் மங்கி, வெளிச்சமும் இருட்டும் பெரிய திட்டுகளாகத் தெரியும். அந்தத் திட்டுகளிலேயே படம் நின்றால் கறுப்பு வெள்ளை எடுபடும். எல்லாம் ஒரே மசமசப்பாகக் கலந்தால் அங்கே உருவத்தைப் பிரித்துக் காட்டுவது நிறம்தான்.

4. மோனோக்ரோம் பொத்தானை அழுத்தி, திரும்ப அழுத்தி ஒப்பிடுங்கள். எதில் கண் நேராக முக்கியப் பொருளுக்குப் போகிறது என்று பாருங்கள்.

5. முடிவுக்கு ஏற்றபடி நகருங்கள். வண்ணம் என்றால் அந்த நிறத்துக்குச் சட்டத்தில் தகுந்த இடம் வரும்வரை நகருங்கள். கறுப்பு வெள்ளை என்றால் ஒளி பக்கவாட்டிலிருந்து விழும் கோணத்தைத் தேடுங்கள், கரிய மரத்தின் பின்னால் வெண்பனி வரும்படி நில்லுங்கள்.

6. எக்ஸ்போஷரைக் கூட்டுங்கள். பனி சட்டத்தின் பெரும்பகுதியை நிறைத்தால் +1 ஸ்டாப்பில் தொடங்குங்கள், வெயிலில் மின்னும் பனிக்கு +2 வரை போகலாம். ஹிஸ்டோகிராம் வலப்பக்கம் நெருங்க வேண்டும், சுவரில் மோதி நிற்கக் கூடாது.

7. முடிவைக் குறித்து வையுங்கள். கேமராவில் ‘ரேட்டிங்’ வசதி இருந்தால் கறுப்பு வெள்ளைக்கு என்று நினைத்த படத்துக்கு ஒரு நட்சத்திரம் கொடுங்கள். ஊர் திரும்பிய பிறகு எந்த எண்ணத்தில் எடுத்தோம் என்பது மறந்துபோகும்.

குறிப்பு: மோனோக்ரோம் மோடில் இருக்கும்போது ஹிஸ்டோகிராமும் அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்துக்கானதே. காலை, மாலை வெயிலில் சிவப்பு மட்டும் வரம்பு மீறினால் அது உங்களுக்குத் தெரியாது. அந்த நேரங்களில் ஒருமுறை வண்ணத்துக்கு மாறி, மூன்று நிறங்களின் ஹிஸ்டோகிராமையும் பார்த்துவிடுங்கள்.

## வண்ணத்திலேயே விட வேண்டிய காட்சிகள்

முதல் வெயிலும் கடைசி வெயிலும். டிசம்பர் கடைசியில் ஸ்ரீநகரில் சூரியன் காலை ஏழரை மணியையொட்டி உதிக்கிறது, மாலை ஐந்தரையையொட்டி மறைகிறது. வெயில் படும் முகடு பொன்னாகவும் ரோஜாவாகவும் இருக்க, கீழே பள்ளத்தாக்கு நீலத்தில் கிடக்கும். இந்தச் சூடும் குளிரும் எதிரெதிரே நிற்பதுதான் காட்சி. வண்ணத்தை எடுத்துவிட்டால் வெறும் வெளிறிய மலை மிஞ்சும். முகட்டின் நிறம் சில நிமிடங்களே நிற்கும், அதனால் அரைமணி முன்பே முக்காலியை நிறுத்திவிடுங்கள்.

அந்தி நீலத்தில் விளக்கு. சூரியன் மறைந்த இருபது, முப்பது நிமிடங்களில் பனி ஆழ்ந்த நீலமாகும். அந்த நேரம் ஒரு வீட்டு ஜன்னலில் மஞ்சள் விளக்கு எரிந்தால் வேறெதுவும் வேண்டாம்.

வெண்மையில் ஒற்றை நிறம். டால் ஏரியில் ஷிகாரா படகின் விதானம், பனி சரிந்த சிவப்புக் கூரை, பழுப்பு ஃபெரன் அங்கி அணிந்து நடக்கும் ஒருவர். அந்த நிறம் சட்டத்தில் சிறியதாக இருந்தாலே போதும். அதைச் சுற்றி வெறுமை விடுங்கள்.

இலை உதிர்ந்த வில்லோ மரங்கள். இவற்றின் இளங்கிளைகள் குளிர்காலத்தில் ஆரஞ்சும் பழுப்புமாக இருக்கும். மேகமூட்டத்தின் மென்ஒளியில் இந்த நிறம் நன்றாகத் தெரியும்.

## கறுப்பு வெள்ளை கேட்கும் காட்சிகள்

பனி பொழியும் நேரம். இயற்கையே நிறத்தைக் கழித்துவிட்டிருக்கும். கரிய மரக்கூட்டத்தைப் பின்னணியாக வையுங்கள், இல்லாவிட்டால் விழும் பனி தெரியாது. துகள் துகளாகத் தெரிய 1/250 நொடி அல்லது அதைவிட வேகம், கோடுகளாக இழுபட 1/30 முதல் 1/60 வரை வையுங்கள்.

மூடுபனியில் மரங்கள். அருகிலிருப்பது கறுப்பு, அடுத்தது சாம்பல், அதற்கும் பின்னால் வெண்மையில் கரைவது என்று தூரம் படிப்படியாகத் தெரியும். ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் மைக்கேல் கென்னா எடுத்த பனிக்காலப் படங்களைத் தேடிப் பாருங்கள். ஒரு மரம், ஒரு வேலி, மீதி வெறும் வெண்மை. எதைச் சட்டத்துக்கு வெளியே விட வேண்டும் என்பதை அவற்றிலிருந்து கற்றுக்கொள்ளலாம்.

பக்கவாட்டு வெயிலில் பனியின் மேற்பரப்பு. காற்று செதுக்கிய வரிகள், காலடித் தடங்கள், ஓடையோரத்துப் பனிமேடுகள். இங்கே நமக்கு ஒரு சாதகம் உண்டு. டிசம்பர் பிற்பகுதியில் சென்னையில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 53 டிகிரி உயரத்தில் நிற்கிறது, ஸ்ரீநகரில் சுமார் 32 டிகிரிதான். நாள் முழுக்க நிழல் நீளமாக விழும். ஆகவே நண்பகல் வெயிலில் வண்ணப்படம் சலித்துப்போனாலும் கேமராவை மூடாதீர்கள், அது கறுப்பு வெள்ளைக்கான நேரம்.

நீல வானத்தின் கீழ் வெண்மலை. 1927 ஏப்ரல் 10 அன்று அமெரிக்காவின் யோசெமிட்டியில் ஆன்சல் ஆடம்ஸ் ‘ஹாஃப் டோம்’ பாறையை எடுத்தபோது அவரிடம் மிஞ்சியிருந்தவை இரண்டே கண்ணாடித் தகடுகள். ஒன்றை மஞ்சள் ஃபில்டர் போட்டு எடுத்தார். மனதில் கண்ட கரிய வானம் அதில் வராது என்று பட்டது. அடர்சிவப்பு ஃபில்டரை மாட்டிக் கடைசித் தகட்டில் எடுத்தார். சிவப்பு ஃபில்டர் நீலத்தைத் தடுப்பதால் வானம் ஏறக்குறைய கறுப்பாகி, பாறையும் பனியும் துலங்கி நின்றன. இன்று நீல ஸ்லைடரைக் குறைத்து அதையே செய்கிறோம். ஷட்டரை அழுத்துமுன் முடிந்த படம் மனதில் இருக்க வேண்டும் என்ற பாடம் மட்டும் மாறவில்லை.

## நடுவில் நிற்கும் காட்சிகள்

மேகமூட்டமான காலையில் பனிவெளி கிட்டத்தட்ட நிறமற்றுத் தெரியும். ஆனால் பனியில் மெல்லிய நீலமும், தூரத்துக் காட்டில் மங்கிய பச்சையும் இருக்கும். உடனே கறுப்பு வெள்ளைக்குப் போக வேண்டாம். அந்த மெல்லிய நீலம்தான் குளிரை உணர்த்துகிறது என்றால் விட்டுவிடுங்கள், ‘சாச்சுரேஷன்’ கூட்டிக் கெடுத்துவிடாதீர்கள். முடிவு வராவிட்டால் இரண்டு சட்டங்கள் எடுங்கள்: ஒன்று நிறத்தை நம்பி, இன்னொன்று வடிவத்தை நம்பி. ஒரே கோப்பை இருவிதமாக மாற்றிப் பார்ப்பதைவிட இதுவே நல்ல பழக்கம்.

## கறுப்பு வெள்ளையாக மாற்றும் வரிசை

லைட்ரூம், டார்க்டேபிள் எதுவானாலும் வரிசை ஒன்றுதான்.

1. வண்ணப் படமாக இருக்கும்போதே எக்ஸ்போஷரையும் வைட் பேலன்ஸையும் சரிசெய்யுங்கள். எந்த நிறம் எந்தச் சாம்பலாக மாறும் என்பது இதைப் பொறுத்தது.
2. ‘சாச்சுரேஷன்’ ஸ்லைடரைக் கடைசிவரை குறைத்து மாற்ற வேண்டாம். நிறந்தோறும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கறுப்பு வெள்ளைக் கருவியைத் தேர்ந்தெடுங்கள்.
3. நீலத்தை மெல்லக் குறையுங்கள். வானம் கறுக்கும், பனியின் நிழல்களும் ஆழமாகி மேற்பரப்பு எழும்பி வரும்.
4. மரங்கள் ஒரே கறுப்புத் திட்டாக இருந்தால் பச்சையையும் மஞ்சளையும் கூட்டிக் கிளைகளைப் பிரியுங்கள்.
5. படத்தில் மிக வெளுத்த சிறு புள்ளி, மிகக் கறுத்த சிறு புள்ளி இரண்டையும் நிறுத்துங்கள். இடைப்பட்ட பனியில் வரிகள் தெரிய வேண்டும்.
6. கான்ட்ராஸ்ட்டைக் கடைசியில் தொடுங்கள். மூடுபனிப் படத்துக்குப் பெரும்பாலும் தேவையே இருக்காது.
7. 100 சதவீதம் பெரிதாக்கி, மலை விளிம்பையும் வானத்தையும் பாருங்கள். வெள்ளைக் கோடோ பொரிபொரியான இரைச்சலோ இருந்தால் நீலத்தை அளவுக்கு மீறி இழுத்திருக்கிறீர்கள். கொஞ்சம் திரும்பி வாருங்கள்.

வண்ணத்துக்கு என்று முடிவுசெய்த படத்தில் வெயில் பட்ட பனியை மட்டும் வெண்மைக்குக் கொண்டுவந்து, நிழலின் நீலத்தில் கொஞ்சத்தையாவது விட்டுவையுங்கள். நிழலையும் வெள்ளையாக்கினால் வெயில் பட்ட இடம் மஞ்சள் பூசியது போலாகும்.

## அடிக்கடி நேரும் தவறுகள்

- தோற்ற படத்தைக் காப்பாற்றக் கறுப்பு வெள்ளை. ஒளியும் அமைப்பும் பலவீனமாக இருந்தால் வண்ணம் போனபின் அந்தப் பலவீனம் கூடுதலாகவே தெரியும்.
- ஒரு பொருளை மட்டும் வண்ணத்தில் விட்டு மற்றதை வெளுப்பது. பனியே அந்த வேலையைச் செய்திருக்கும், சிவப்புக் கூரையை எடுத்த சட்டத்தை நெருக்கினால் போதும்.
- பனியை முழுக்க வெளுப்பது. வரியும் நிழலும் இல்லாத வெண்மை அச்சில் வெறும் தாளாகத்தான் வரும்.
- அகன்ற லென்ஸில் போலரைசர். வானத்தின் ஒரு பகுதி மட்டும் திட்டாகக் கறுக்கும். உயரமான இடங்களில் வானம் ஏற்கெனவே ஆழ்ந்த நீலம், அங்கே அது பெரும்பாலும் வேண்டாம்.
- கூட்டத்தின் தடங்கள். முன்னால் ஓடி எடுத்துவிட்டுப் பின்வாங்கினால் உங்கள் காலடியே காட்சியைக் கெடுக்கும். தூரத்துச் சட்டத்தை முதலில் எடுத்துவிட்டு நெருங்குங்கள்.

## பாதுகாப்பு

உங்களுக்கு

1. தெரியாத சரிவில் இறங்காதீர்கள். குல்மார்க்கின் அஃபர்வாட் சரிவுகளில் பனிச்சரிவு அபாயம் உண்டு. உள்ளூர் எச்சரிக்கையைக் கேட்டு, வழிகாட்டியோடு மட்டுமே போங்கள்.
2. உறைந்த ஏரியின் மேல் நடக்காதீர்கள். மேலே கெட்டியாகத் தெரிவது கீழே மெல்லியதாக இருக்கலாம்.
3. குல்மார்க் கேபிள் காரின் இரண்டாம் கட்டம் கிட்டத்தட்ட 4,000 மீட்டர் உயரத்தில் முடிகிறது. தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் வந்தால் உடனே கீழே இறங்குங்கள்.
4. உள்ளே மெல்லிய கையுறை, மேலே தடித்த கையுறை என்று இரண்டு அடுக்கு போடுங்கள். விரல் மரத்து வெளிறினால் பனியால் தேய்க்காதீர்கள், அக்குளில் வைத்துச் சூடேற்றுங்கள். உணர்ச்சி திரும்பாவிட்டால் மருத்துவரிடம் போங்கள்.
5. புறஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி கட்டாயம். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைச் சுட்டுவிடும்.
6. கரி எரியும் காங்கிரியையோ புகாரி அடுப்பையோ அடைத்த அறையில் வைத்துத் தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.
7. பாதுகாப்புப் படை முகாம், சோதனைச் சாவடி, பாலம் இவற்றின் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள். டிரோனுக்கு முன் அனுமதி வேண்டும். ஆட்களை எடுக்குமுன் கேளுங்கள்.

கேமராவுக்கு

1. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். உபரி பேட்டரிகளைச் சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள்.
2. அறைக்குள் போகுமுன் மெமரி கார்டைக் கழற்றிக்கொண்டு, கேமராவைக் காற்றுப் புகாத ஜிப் பையில் மூடுங்கள். ஒன்றிரண்டு மணிநேரம் திறக்காதீர்கள். இல்லாவிட்டால் லென்ஸுக்குள் ஈரம் படியும்.
3. லென்ஸில் விழுந்த பனியை வாயால் ஊதாதீர்கள், மூச்சின் ஈரம் உறைந்துவிடும். ஊதுகுமிழோ தூரிகையோ பயன்படுத்துங்கள்.
4. ஈரமான கேமராவை நெருப்பருகே காயவைக்காதீர்கள்.

## போகுமுன் ஊட்டியில் ஒரு பயிற்சி

காஷ்மீர் வரை போய்த்தான் பழக வேண்டும் என்பதில்லை. டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஊட்டியைச் சுற்றித் தலைகுந்தா, காந்தல் போன்ற தாழ்வான புல்வெளிகளில் தெளிந்த இரவுக்குப் பிறகு உறைபனி படிகிறது. வெயில் ஏறினால் கரைந்துவிடும், ஆகவே விடியுமுன் இடத்தில் இருங்கள். வனத்துறை தடுத்த இடங்களுக்குள் போகாதீர்கள். இருட்டில் காட்டெருமை நடமாட்டம் உண்டு, டார்ச்சோடு இருவராகப் போங்கள். வாகனத்தில் போகிறவர்கள் இ-பாஸ் விதிகளை முன்கூட்டியே பாருங்கள்.

1. முக்காலியை ஓரிடத்தில் நிறுத்தி, ஒரே சட்டத்தை மூன்று முறை எடுங்கள்: சூரியன் உதிக்குமுன், முதல் கதிர் புல்லில் படும்போது, அதன் பிறகு அரைமணி கழித்து.
2. ஒவ்வொன்றுக்கும் வண்ணமா, கறுப்பு வெள்ளையா என்று அந்த இடத்திலேயே ஒரு தாளில் எழுதுங்கள். காரணத்தையும் ஒரு வரியில் எழுதுங்கள்.
3. வீட்டில் ஆறு வடிவங்களையும் செய்து பார்த்து, எழுதிய முடிவோடு ஒப்பிடுங்கள்.
4. சிறந்த இரண்டை 8×12 அங்குலத்தில் அச்சிட்டுச் சுவரில் மாட்டுங்கள். சில நாள் கழித்தும் எது உங்களை நிறுத்துகிறது என்று கவனியுங்கள்.

தாளில் எழுதியதும் சுவரில் நின்றதும் பொருந்தத் தொடங்கினால் உங்கள் கண் தயாராகிவிட்டது. பொருந்தாவிட்டால் காரணமாக எழுதிய அந்த ஒரு வரியை மறுபடி படியுங்கள். நிறத்தை நம்பி எங்கே தவறினீர்கள், வடிவத்தை நம்பி எங்கே தவறினீர்கள் என்பது அதிலேயே இருக்கும். அதைத் திருத்திக்கொண்டு அடுத்த விடியலுக்குக் கிளம்புங்கள்.